தூணில்லாத மண்டபமும் வேனில் தூங்கிய குழந்தையும்

திருப்பூரில் பிள்ளைகள் ஸ்கேட்டிங் செய்ய ஓர் இடம் கிடைக்காமல், மூலனூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் வரை போய் வந்த பயணம் இது. போன மாதம், முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். இதே தேவைக்காக அலைபவர்கள் மற்ற ஊர்களிலும் இருப்பார்கள் என்று நம்பி, வழியும் வாடகையும் சொல்லவே எழுத உட்கார்ந்தேன். ஆனால் அங்கே நான் செய்த காரியத்தை விட்டுவிட்டு வழியை மட்டும் சொல்ல மனம் வரவில்லை. இரண்டையும் சொல்கிறேன்.

நான் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். எங்கள் தெருவில் ஜெபா என்றொரு பெண் இருக்கிறாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பகலில் பனியன் கம்பெனியில் தையல் சரிபார்க்கும் செக்கிங் வேலை. விடியற்காலையில் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு ஸ்கேட்டிங் சொல்லித்தருகிறாள். ஏழு மணிக்குத் துணி ரோல் ஏற்றிய டெம்போக்கள் வர ஆரம்பித்தால் வகுப்பு முடிந்தது. தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வண்டி வருது, ஓரம் போங்க" என்று கத்துவது என் வேலை. இத்தனை வருடம் கத்திய தொண்டை சும்மா இருக்குமா?

வடக்கே ஒரு நகரத்தில் ஐஸ் தளம் வைத்திருக்கும் பயிற்சி நிலையம் ஒன்றுக்கு ஜெபா பிள்ளைகளின் வீடியோவை அனுப்பியிருந்தாள். அங்கிருந்து ஒருவர், கோவையிலிருந்து கரூர் போகும் வழியில் பிள்ளைகளை நேரில் பார்க்கிறேன் என்றார். அவருக்குப் பிடித்தால் ஒரு மாதம் ஐஸில் பயிற்சி, செலவு அவர்களுடையது. அவர் கேட்டது ஒன்றுதான்: கூரை போட்ட, தூண் இல்லாத, வழவழப்பான தரை. நூறடி நீளமாவது வேண்டும்.

எங்கள் ஊரில் ஐஸ் என்றால் மீன் மார்க்கெட்டும் கரும்புச்சாறு வண்டியும்தான். ஐஸ் தளத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நடுத்தரமான ஹால் கூடவா கிடைக்காது என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. பனியன் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதானால், இங்கே 'எஸ்' சைஸ் உண்டு, 'டபுள் எக்ஸ்எல்' உண்டு, 'எம்' இல்லை. ஓட்டல்களில் ஐம்பது பேர் உட்காரும் ஏசி அறை, அதிலும் கார்ப்பெட். இல்லாவிட்டால் இரண்டாயிரம் பேருக்குப் பந்தி போடும் மண்டபம், வாடகை லட்சத்தைத் தொடும். பள்ளிக்கூட ஹால்களில் பத்தடிக்கு ஒரு தூண். பிள்ளைகள் நாடகம் போட, புத்தகம் வெளியிட, ஷட்டில் விளையாட, இருநூறு பேர் கூட என்று ஓர் இடத்தை இந்த ஊர் தனக்குக் கட்டிக்கொள்ளவே இல்லை. உலகத்துக்கே உடுப்பு தைக்கும் ஊர் என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த வாரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கே கூச்சமாக இருந்தது.

மூன்று மண்டபங்களில் உண்மையைச் சொல்லிக் கேட்டேன். "டைல்ஸ் போயிரும்ங்க டீச்சர்" என்று மூவரும் போனை வைத்துவிட்டார்கள். கடைசியில், எங்கள் தெருப் பள்ளி வேன் ஓட்டும் செந்தில், மூலனூர்ப் பக்கம் கிரானைட் தரை போட்ட அளவான மண்டபம் ஒன்று இருப்பதாகச் சொல்லி நம்பர் கொடுத்தார். போனை எடுத்தவர் உரிமையாளரின் மனைவி ஈஸ்வரியம்மா.

"என்ன விசேஷமுங்க?"

"காதுகுத்துங்க. பேத்திக்கு."

யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது.

"அப்படீங்களா! ரொம்பச் சந்தோசமுங்க. எத்தன மாசமாகுதுங்க?"

"பதினோரு மாசம்."

"பேரு என்னங்க வெச்சிருக்கீங்க?"

"நிலா."

கணக்குப் பாடத்தில் முதல் வரியில் பிளஸ்ஸை மைனஸாக எழுதிவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு ஒழுங்காகப் போட்டாலும் ஒவ்வொரு வரியும் தப்புத்தான். வகுப்பில் ஆயிரம் தடவை சொன்ன உதாரணம். அரை நாள் வாடகை பதினைந்தாயிரம் என்று பேசி முடித்தேன். பெற்றோர்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்பினோம். வேனுக்கு ஐந்தாயிரத்து ஐந்நூறு. திருப்பூரிலிருந்து காங்கயம், வெள்ளகோவில் வழியாக மூலனூர் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். ரோடு நன்றாக இருக்கிறது, நடுவில் டீ குடித்தும் இரண்டு மணி நேரம் போதும். காங்கயம் தாண்டினால் சாலையோரமெல்லாம் தேங்காய் உலர்த்தும் சிமென்ட் களங்கள். பிள்ளைகளுக்குக் கண் கொள்ளவில்லை.

"மிஸ், மிஸ், எவ்ளோ பெரிய கிரவுண்டு! தேங்காய அந்தப் பக்கம் தள்ளிட்டு ஓட்டலாமா?" என்று தர்ஷினி ஜன்னலில் தொங்கினாள். ஒன்பது வயது, குழுவிலேயே வேகமானவள். அப்பா அம்மா இருவரும் டெய்லர்கள், விருதுநகர்க்காரர்கள்.

வெள்ளகோவிலில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். மறுபடி வேனில் ஏறியதும் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "அங்கே யாராவது கேட்டால், காதுகுத்துக்கு வந்திருக்கோம்னு சொல்லணும். சரியா?"

ஜெபாவுக்கு முகம் மாறிவிட்டது. "என்னத்துக்கு மிஸ் பிள்ளைகள்ட்ட இதெல்லாம்? உள்ளதச் சொல்லிருவோமே."

"சொன்னா கதவைத் திறக்க மாட்டாங்க, ஜெபா. பன்னிரண்டு மணிக்குள்ள முடிச்சுட்டு, தரையைத் துடைச்சுக் கொடுத்துட்டு வந்துடலாம். யாருக்கு நஷ்டம்?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டாள். பிள்ளைகளை ஒருமுறை சொல்லிக் காட்டச் சொன்னேன். ஒன்பது பேரும் ஒரே குரலில், "காதுகுத்துக்கு வந்திருக்கோம்" என்றார்கள். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

ஒன்பது மணிக்கு மண்டபம். வாசலில் சிவப்பு விளக்கு எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன: 'செல்வி நிலா காதணி விழா. அனைவரையும் அன்புடன் வரவேற்கிறோம்.'

"ஏனுங்க டீச்சர், உங்க பேத்தி போர்டுல ஓடுதுங்க!" என்று செந்தில் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹால் அருமையான ஹால். தூணே இல்லை. தரையில் முகம் தெரிந்தது. ஐஸ் இப்படித்தான் இருக்குமோ என்று ஒரு பிள்ளை குனிந்து தொட்டுப் பார்த்தது. வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டார். நாற்காலிகளை ஓரம் ஒதுக்கினோம். பயிற்சி நிலையத்துக்காரர் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. பிள்ளைகள் இன்னும் சக்கர ஷூ மாட்டவில்லை. பத்தேகால் இருக்கும், ஈஸ்வரியம்மா வந்தார். கூடவே நான்கு பெண்கள். எல்லாரும் பட்டுச்சேலை, கையில் தட்டு. வாழைப்பழம், வெற்றிலை, பூ.

"வந்துட்டீங்ளா டீச்சர்? ஏனுங்க நிக்கறீங்க, மொதல்ல உக்காருங்க" என்று அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "வெளியூர்ல இருந்து வந்து பண்றீங்க. சனம் இல்லாம வெறிச்சுனு இருக்கக்கூடாதுன்னு எங்க வீதியில நாலு பேரக் கூட்டியாந்தனுங்க. மாமன் வந்தாச்சுங்களா?"

"இதா, நானுங்க" என்றார் செந்தில் கதவோரமிருந்து.

"கொழந்தை எங்கீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தர்ஷினி முன்னால் வந்து நின்றாள்.

"என் தங்கச்சிதான். வேன்ல தூங்குறா."

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அட, தூங்கட்டும் கண்ணு, எழுப்பாதீங்க. நான் ஒரு பார்வ பாத்துட்டு வந்தர்றேன்." தட்டோடு வெளியே நடந்தார். நான் பின்னால் போனேன். இருபதடி தூரம் இருக்கும். அதற்குள் சொல்லியிருக்கலாம். வேனை நெருங்கியதும், சத்தம் வரக்கூடாதென்று கை வளையல்களை முழங்கை வரை ஏற்றிக்கொண்டார். கதவை மெல்ல, மிக மெல்லத் தள்ளினார்.

உள்ளே சீட்டின் மேல் ஒன்பது ஹெல்மெட், முழங்கால் பட்டைகள், தரை துடைக்கக் கொண்டுவந்த ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் துணி.

அவர் சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"கொழந்தைங்க?"

"இல்லீங்க. குழந்தையே கிடையாது" என்று சொன்னேன். மற்றதையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் அந்த நான்கு பெண்களும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அவங்ககிட்ட நான் என்னங்க சொல்றது?" என்றார். "நாந்தானுங்க கூட்டியாந்தேன்."

அவர் வீட்டுக்காரர் பைக்கில் வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்ததும், "காலி பண்ணுங்க" என்றார். நான் காரணம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நெசத்தச் சொல்லியிருந்தாலும் நான் குடுத்திருக்க மாட்டனுங்க. இல்லைன்னு ஒரு வார்த்தைல போயிருக்கும். இப்ப என்ற சம்சாரத்த நாலு பேருக்கு முன்னால நிக்க வெச்சுட்டீங்களே."

பிள்ளைகள் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். ஜெபா யாரையும் பார்க்காமல் பைகளை அடுக்க ஆரம்பித்தாள். வந்த பெண்களில் ஒருவர்தான், "சேலையக் கட்டிட்டு வந்தாச்சு. அதென்ன வித்தைன்னு பாத்துட்டுத்தான் போலாமே, ஈஸ்வரி" என்றார். இன்னொருவர், "ஒனக்கு எப்பவும் வேடிக்கதான்" என்று அவர் தோளில் இடித்தார்.

ஈஸ்வரியம்மா சுவரோரம் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு கணவரிடம், "பிள்ளைகள என்ன பண்றதுங்க. ஒரு மணி நேரம் ஓட்டிட்டுப் போகட்டும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

பயிற்சி நிலையத்துக்காரர் வந்தபோது, பட்டுச்சேலை உடுத்திய ஐந்து பெண்கள் மடியில் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஊரில் இதற்கு இவ்வளவு வரவேற்பா என்று அவர் ஜெபாவிடம் வியந்தாராம். பிள்ளைகள் அன்று ஓடியது போல் நான் பார்த்ததில்லை. இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார். அதில் ஒருத்தி தர்ஷினி.

பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டு, பனியன் வேஸ்டால் இரண்டு மணி வரை தரையைத் துடைத்தோம். மேடைக்கு முன்னால் சக்கரம் போட்ட ஒரு கறுப்பு வளைவு மட்டும் போகவே இல்லை. கிளம்பும்போது ஈஸ்வரியம்மா தன் தட்டை ஜெபாவின் கையில் கொடுத்தார். "விசேஷத்துக்குக் கொண்டாந்தத ஊட்டுக்குத் திருப்பிக் கொண்டு போனா நல்லாருக்காதுங்க." வேனில் ஏறிப் பார்த்தால், பழத்துக்கு அடியில் ஒரு வயதுக் குழந்தைக்கான பனியன் துணி செட் ஒன்று. மஞ்சள் நிறம், முயல் படம். ஜெபா பழக்கதோஷத்தில் அதை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தாள். பிறகு மடித்து என் மடியில் வைத்தாள்.

திரும்பும் வழியில் காங்கயம் வந்தபோது தர்ஷினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் நல்லா சமாளிச்சேன்ல, மிஸ்?"

"நீ பொழச்சுக்குவ கண்ணு" என்று செந்தில் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெருமையாகத்தான் கேட்டாள். அவள் நல்ல மாணவி. சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, அதற்கு மேலும் ஒரு கணக்கைத் தானாகப் போட்டுக் காட்டினாள். வகுப்பாக இருந்தால் கைதட்டச் சொல்லியிருப்பேன்.

இப்போது, ஹால் தேடுபவர்களுக்கு. முகூர்த்தம் இல்லாத நாட்களில் கேளுங்கள், வாடகை பாதிக்கு வரும். ஊருக்குள் தேடாமல் காங்கயம், தாராபுரம் பக்கம் தேடினால் அளவான மண்டபங்கள் இருக்கின்றன. தூண் இருக்கிறதா என்று போனில் நம்ப வேண்டாம், போய்ப் பாருங்கள். என்ன விசேஷம் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பத்து இடத்தில் இல்லை என்பார்கள். நான் மூன்றோடு நிறுத்திவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, தர்ஷினியின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, பிள்ளையை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் மறுபடி போனேன். தாராபுரத்தில் மாற வேண்டும். காத்திருப்பதையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்வரியம்மா வீட்டு வாசலில் சந்தைக்கு முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததை நான் சொல்லி முடிக்கும் வரை அவர் கை நிற்கவில்லை. பிறகு தர்ஷினியைப் பார்த்து, சிரிக்காமல் கேட்டார்:

"தங்கச்சி எந்திரிச்சுட்டாளா கண்ணு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை நான் எதையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"தங்கச்சி இல்லீங்க" என்றாள், மெதுவாக.

"வா, இப்படி வந்து உக்காரு. இந்தக் கட்டைப் பிடி, இறுக்கி."

அவள் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். ஈஸ்வரியம்மா கயிற்றைச் சுற்றினார். அப்படியே ஆறேழு கட்டு ஆனது. என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகும் வரை நின்றுகொண்டிருந்தேன்.