பெரிய எழுத்தில் காணாமல் போனவர்

போன வருடம் சித்திரை மாதம், நெய்வேலி டவுன்ஷிப்பில் நடந்தது இது. கணவருக்கு மைன்ஸில் வேலை என்பதால் மதுரைப் பக்கத்திலிருந்து குடிவந்தவள் நான். குவார்ட்டர்ஸில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆன்லைனில் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டு, ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். குறைகுடம் கூத்தாடும் என்பார்களே, அது நான்தான்.

கான்ட்ராக்ட் தொழிலாளர் பட்டியல் எங்கள் ஆபீஸிலிருந்துதான் மைன்ஸ் கேட்டுக்குப் போகும். அதில் பெயர் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். இனிஷியல் ஒரு கட்டத்தில், பெயர் இன்னொரு கட்டத்தில், ஆங்கிலத்தில் சிலது பெரிய எழுத்து, சிலது சின்ன எழுத்து என்று கன்னாபின்னாவென்று கிடந்தது. இரண்டையும் ப்ளஸ் குறி போட்டு ஒட்டி, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, இரண்டு முறை வரும் பெயரை ஒன்றாக்கும்படி சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு வரி குறைந்தது. யாரோ செய்த கவனக்குறைவைப் பிடித்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

மூன்றாம் நாள் காலை, கம்மாபுரம் பக்கத்துக்காரர் ஒருவர் ஆபீஸுக்கு வந்தார்.

"ரெண்டு நாளா கேட்லயே திருப்பி அனுப்புறாங்கமா. இன்னிக்கும் போவலன்னா எம் எடத்துல வேற ஆளப் போட்டுடுவாங்க."

பட்டியலைப் பார்த்தேன். அவர் பெயர் இனிஷியலோடு பளிச்சென்று இருந்தது.

"இருக்கேண்ணே!"

"இருக்குதுமா. ஆனா அந்த ஆளு உள்ள பூட்டாருன்றாங்க."

ஆள் என் எதிரே நிற்கிறார். கேட் கணக்கில் உள்ளே போய்விட்டார். புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. கடைசியில் அவரையே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பழைய பட்டியலைத் தயாரித்த கிளார்க் டீ குடித்துவிட்டு வந்தார்.

"அவங்க ரெண்டு பேரு மேடம். ஒரே ஊரு, ஒரே பேரு, இனிஷியலும் ஒண்ணு. மூத்தவருக்குப் பெரிய எழுத்து, இவருக்குச் சின்ன எழுத்துன்னு நான்தான் பிரிச்சுப் போட்டிருந்தேன். கேட்லயும் அது தெரியும்."

பட்டியலைத் திருத்தி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் கேட்டுக்குப் பறந்தேன். கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லிவிடலாம் என வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். பின்னாலேயே சைக்கிளில் வந்தவர் மூச்சு வாங்கியபடி பக்கத்தில் நின்றதும் அந்தப் பொய் வரவில்லை.

"நான்தான் சார் இவர் பேரை அழிச்சுட்டேன்" என்றேன் அங்கிருந்த அதிகாரியிடம்.

அவர் பட்டியலைச் சரிபார்த்து ஆளை உள்ளே விட்டார். போகும்போது அந்த மனிதர் என்னிடம், "வூட்லகூட சொல்லலைமா. நாந்தான் எதுனா தப்பு பண்ணிட்டேனோன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார்.

திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். நான் பெருமையில் மிதந்த அந்த இரண்டு நாளும், செய்யாத தப்பைத் தன்னிடமே தேடிக்கொண்டு ஒரு மனிதர் வெயிலில் நின்றிருக்கிறார் என்பது இன்றைக்கும் என் நெஞ்சை உறுத்துகிறது.