போர் தண்ணீரில் ஊறிய பதினெட்டு கன்றுகள்

எண்ணூர் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் தோட்ட மேஸ்திரியாக இருந்தேன். என் கையில் செத்த செடிகள் ஏராளம். இந்தப் பதினெட்டு மட்டும் என்னை விடுவதில்லை.

கொருக்குப்பேட்டை ஃபாத்திமா எங்கள் கம்பெனியின் நிலக்கரிச் சாம்பல் கொட்டும் யார்டில் பெருக்கிக்கொண்டிருந்தவர். மூச்சு இழுப்பு வந்து மயங்கி விழுந்த பிறகு, தற்காலிகமாக என்னிடம் அனுப்பினார்கள். ஒரே தொட்டியில் அரிக்கா பாம் விதைகளைப் போட்டு, பதினெட்டுக் கன்று எழுப்பினார். சூப்பர்வைசர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிரிச்சு மெயின் கேட்ல வரிசையா நடுங்க. பொழைச்சா இந்தம்மா தோட்டத்துலயே இருக்கட்டும். இல்லன்னா திரும்ப யார்டுதான்."

பாம் கன்று, வேரைத் தொட்டால் கோபித்துக்கொள்ளும். இரண்டு இலையிலேயே பிரித்திருக்க வேண்டும். ஐந்து இலை வரை விட்டுவிட்டோம். வேர்கள் சிக்குப்பிடித்த தலைமுடி மாதிரி பின்னிக் கிடந்தன. டிரம்மில் ஊறவைத்து, மண்ணைக் கரைத்துத்தான் பிரிக்க முடியும்.

"லாரி தண்ணி ஊத்தலாம் நைனா. போர் தண்ணி உப்பு கரிக்குது" என்றார் ஃபாத்திமா.

"குடிக்கவே ரெண்டு கொடம்தான் கீது. வேர் கழுவ லாரி தண்ணியா? இன்னாம்மா பேசற நீ?" என்று எரிந்து விழுந்தேன். எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீரைச் செடிக்கு ஊற்ற யாருக்கும் மனசு வராது.

காலையிலிருந்து போர் தண்ணீரில் ஊறவைத்தோம். ஒரு வேர் அறாமல் ஃபாத்திமா விரலாலேயே பிரித்தார். மாலைக்குள் நட்டு முடித்தோம். எட்டாம் நாள் இலை நுனி கருகியது. மூன்றாவது வாரம் குருத்தைப் பிடித்தால் கையோடு வந்தது, பதினெட்டிலும்.

"பிரிச்சது யாரு?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"நான்தான் சார்" என்றார் ஃபாத்திமா. எந்தத் தண்ணீர் என்று சூப்பர்வைசர் கேட்கவில்லை. மேஸ்திரி வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் ஃபாத்திமா துடைப்பத்தோடு யார்டுக்குப் போனார்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் வேலைக்கு வருவது நின்றுபோனது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, மூச்சுக்கு மூச்சு தோள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தார். தப்பு என்னுடையது, தண்ணீர்தான் கன்றுகளைக் கொன்றது என்றேன்.

"தெரியும் நைனா" என்றார். வெகுநேரம் மூச்சு வாங்கினார். "உனுக்கும் வூடு கீது, புள்ளைங்க கீது. நீ இன்னா பண்ணுவ?"

பத்தாம் நாள் மௌத்துச் செய்தி வந்தது, மாலையில் அடக்கம் என்று.

தோட்ட வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பாம் கன்றை இரண்டு இலையில் பிரியுங்கள். நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். தப்பு செய்தால், கேட்க வேண்டியவர் எதிரில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். நான் சொன்னது ஃபாத்திமாவிடம். அவருக்குத்தான் அது முன்பே தெரியுமே.