காசைத் திருப்பாத கம்பெனி

மதிவதனிக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய அதே மாதத்தில், அவளும் தோழி கமர் நிஷாவும் பேமெண்ட் கம்பெனி பார்க்கத் தொடங்கினார்கள். இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கிய வெப்சைட்டில் லாட்ஜ் அறை பதிவு செய்கிறவரின் கார்டிலிருந்து பணத்தை வாங்கி இவர்கள் பேங்க் கணக்கில் சேர்க்க, நடுவில் ஒரு கம்பெனி வேண்டும். இரண்டு தேடலும் ஒரே மாதிரிதான் என்பது நிஷாவின் கண்டுபிடிப்பு.

சென்னைக் கம்பெனி சேர்வதற்கே பதினெட்டாயிரம் ரூபாய் கேட்டது. "வரதட்சணை கேக்குற எடம், வேணாம்டி," என்றாள் நிஷா. பம்பாய்க் கம்பெனி மூன்று வருஷத்து வரவுசெலவைக் கேட்டது. பூர்வீகம் விசாரிக்கிற சம்பந்தமும் சரிப்படாது என்று அதையும் தள்ளினாள். பெங்களூர்க் கம்பெனி எதுவும் கேட்கவில்லை. வருகிற பணத்தில் நூற்றுக்கு ஏழு ரூபாய், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு குணமும் இருந்தது. யாராவது தவறி இரண்டு முறை பணம் கட்டிவிட்டால், இரண்டாவது தொகை தானாகவே அவர் கார்டுக்குத் திரும்பிவிடும். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு கம்பெனியா என்று மதிவதனி உருகிப் போனாள்.

அவள் திருநள்ளாற்றுப் பக்கம் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் வைத்திருக்கும் உத்திராபதியின் மகள். அந்த வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. பாண்டிச்சேரியில் கிடைத்த வேலைக்குப் போகாமல், காரைக்கால் பாரதியார் சாலையில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள். படித்த படிப்புக்கு இது சரியா என்று தினமும் ஒரு முறையாவது தன்னையே கேட்டுக்கொள்வாள். பதில் வருவதற்குள் கரண்ட் போய்விடும்.

அந்த வருஷம், இரண்டாயிரத்து ஒன்பது, செப்டம்பர் கடைசியில் சனிப்பெயர்ச்சி. திருநள்ளாற்றில் ஈ நுழைய இடமிருக்காது. லாட்ஜ் வைத்திருக்கும் அன்பழகன், இவர்கள் வெப்சைட்டில் போடத் தன்னிடமிருந்த பன்னிரண்டு அறைகளையும் கொடுத்திருந்தார், அதுவும் அரைமனதாக. பிள்ளையார் சதுர்த்திக்குள் பன்னிரண்டுக்கும் பணம் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அறைகள் டூரிஸ்ட் பஸ்காரருக்கு. அவை கைவிட்டுப் போனால் வெப்சைட்டில் காட்டுவதற்கு வேறு எதுவும் கிடையாது. பாண்டிச்சேரிக்கு மறுபடி விண்ணப்பம் போட வேண்டியதுதான்.

முதல் பணம் சேலத்திலிருந்து வந்தது. லோகாம்பாள் என்ற அம்மாளுக்காக மகன் கட்டியிருந்தார். இரண்டு பேரும் குதித்த குதியில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் ஒட்டடைக் கம்பால் கூரையை இடித்தார். ஒரே வாரத்தில் ஏழு அறைகள் போயின. மதிவதனி சாலையில் போகும் மாட்டுக்குக்கூட வழிவிட்டு வணக்கம் வைக்கிற நிலையில் இருந்தாள்.

பிறகு லோகாம்பாள் போன் செய்தார்.

"ஏம்மா, சனீஸ்வரன் ஊருக்குன்னு அனுப்புன காசு, திரும்பி எங்க வீட்டுக்கே வந்துடுச்சே. எம்மவனுக்குக் கடக ராசி. ஏழரை முடியப் போவுதுன்னு நிம்மதியா இருந்தேன். வேணாம்னுட்டாரா அவரு?"

விசாரித்ததில் விஷயம் சின்னதுதான். பணம் கட்டும்போது வருகிற பெங்களூர்க் கம்பெனியின் வெப் பக்கம் மெதுவாக நகர்ந்திருக்கிறது. மகன் பொத்தானை இரண்டு முறை அழுத்தியிருக்கிறார். இரண்டாவது பணம் குணமாகத் திரும்பிப் போயிருக்கிறது. மதிவதனி எவ்வளவோ விளக்கினாள். லோகாம்பாள் அறையை ரத்து செய்துவிட்டு, முதலில் கட்டியதையும் அனுப்பவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனை வைத்தார். மறுநாள் மதுரைக்காரர், அப்புறம் ஓசூர்க்காரர், ஈரோட்டுக்காரர். எல்லாருக்கும் பொத்தான் இரண்டு முறை, காசு ஒரு முறை திரும்பி. ஏழு அறைகள் மூன்றாயின.

நிஷாவுக்குத் தலைகால் புரியவில்லை. திருமலைராயன்பட்டினத்தில் அவள் வீட்டில் சனிக்கிழமை என்பது வெறும் சனிக்கிழமை. "காசு திரும்பி வந்தா சந்தோஷப்படாத மனுசங்கள இப்பத்தான்டி பாக்குறேன்," என்றாள்.

அப்போதுதான் மதிவதனிக்கு உறைத்தது. சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூடப் பஸ்ஸின் ஜன்னல் வழியாக அவள் பார்த்த காட்சி அது. நளன் குளத்தில் முழுகுகிறவர்கள் கட்டியிருந்த துணியைக் குளத்திலேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவார்கள். மலை மாதிரிக் கிடக்கும் ஈரத்துணி. அந்த ஊருக்கு வருவதே விட்டுவிட்டுப் போகத்தான். அங்கேயே பிறந்து வளர்ந்தும், அந்தக் குளத்தைப் பார்த்தேயிராத பெங்களூர்க்காரர் யாரோ எழுதிய வரியைப் படித்து உருகியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது.

மறுபடி மூன்று கம்பெனிக்கும் போன். இந்த முறை ஒரே கேள்வி: ஒருதரம் வந்த பணம் தானாகத் திரும்பிப் போகுமா? பெங்களூரில் இருந்தவர் அந்த வசதியை நிறுத்தவே முடியாது என்று பெருமையாகச் சொன்னார். பம்பாய்க்காரருக்குக் கேள்வியே புரியவில்லை. சென்னைக்காரர் தயங்கினார்.

"அது எங்ககிட்ட ஒரு குறைதான் மேடம். நீங்க லெட்டர் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் கூரியர்ல அனுப்பணும். இருபது நாளாவது ஆகும்."

"தானா போவாதே?"

"போகவே போகாது மேடம். மன்னிச்சுக்கணும்."

"சார், அதுதான் சார் வேணும்," என்று நிஷா போனைப் பிடுங்கிக் கத்தினாள். இத்தனை வருஷ வேலையில் அந்தக் குறைக்காக அவரை யாரும் பாராட்டியிருக்க மாட்டார்கள்.

வரதட்சணையைக் கொடுத்தே தீர்வது என்று முடிவாயிற்று. இரண்டு பேரும் டியூஷன் எடுத்துச் சேர்த்ததைத் துடைத்து எடுத்தார்கள். பேங்கில் டிடி எடுக்க வரிசையில் நிற்கும்போது மதிவதனிக்கு ஒரு முள் குத்தியது. ஜனங்களின் பயத்தை வைத்துச் சம்பாதிக்கிறோமோ?

"கேட்டா குடுத்துடுவோம். வேணாங்கிறவங்க கையில திணிக்க மாட்டோம். அவ்வளவுதானேடி?" என்றாள் நிஷா.

மதிவதனிக்கு அது முழுப் பதிலாகத் தோன்றவில்லை. அதனால் வெப்சைட்டில் பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: ரத்து செய்தாலோ இரண்டு முறை கட்டிவிட்டாலோ நாங்களே போன் செய்து கேட்போம், பணம் திரும்ப வேண்டுமென்றால் அனுப்புவோம், வேண்டாமென்றால் உங்கள் பெயரில் அன்னதானம். பிறகு ரத்து செய்த நால்வரையும் அவளே கூப்பிட்டாள். பெங்களூர் மாப்பிள்ளையைத் தலைமுழுகிவிட்டோம், புதிய இடத்தில் போன காசு போனதுதான் என்று சொன்னாள். லோகாம்பாள் தனக்கு மட்டுமல்ல, கடக ராசிக்காரச் சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்து இரண்டு அறை போட்டார். செய்தி சேலத்திலிருந்து எப்படித்தான் பரவியதோ, ஆவணி பிறந்த சில நாளில் அறைகள் தீர்ந்துவிட்டன.

சதுர்த்திக்கு முதல் நாள், பன்னிரண்டு அறைக்கும் வந்த பணத்தை அவர் கணக்கில் போட்டுவிட்டோம் என்று மதிவதனி போய்ச் சொன்னபோது அன்பழகன் நம்பவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பேங்குக்கே போனார். இரண்டு பேரும் லாட்ஜ் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். திரும்பி வந்தவர் முகத்தில் எதையும் காட்டாமல் உள்ளே போய்ச் சாவிகளை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். எவ்வளவு எண்ணினாலும் பன்னிரண்டுக்கு மேல் இல்லை.

"ஏம்மா," என்றார் கடைசியில், "மாடியில நான் படுக்குற ரூம் ஒண்ணு இருக்கு. ஏசி கிடையாது. அதையும் போட்டுடு."