வள்ளித்தாய் ஓடாமல் நின்ற நாள்

தாயில்பட்டி வள்ளித்தாய் முப்பது வருடமாகப் பட்டாசுக்குத் திரி செருகுகிறவள். அந்தத் தொழிலில் முதல் பாடமே ஓட்டம்தான். எங்கே சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்காமல் வெட்டவெளிக்கு ஓட வேண்டும். அப்படி மூன்று தடவை ஓடிப் பிழைத்தவள் அவள். காலுக்கு இருந்த புத்தி வாய்க்கு இல்லாமல் போனதுதான் கேடு.

2012 சீசனில் பக்கத்து அறை தீப்பிடித்து வெடித்தது. எல்லாரும் ஓடினார்கள். வெடிமருந்து கலக்கும் தனுஷ்கோடி மட்டும் தரையில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். ராமநாதபுரத்துக்காரன் என்று சொல்லி இரண்டு வருடம் முன்பு வேலைக்கு வந்தவன். அதிர்ந்து பேசமாட்டான், அவளை வாய் நிறைய அக்கா என்பான்.

மறுநாள் டீக்கடையில் வள்ளித்தாய் அதைச் சொல்லிச் சிரித்தாள். "நாங்க அம்புட்டுப் பேரும் ஓடுறோம், எங்க ரூம்ல ஒருத்தரு வெடிச் சத்தத்துக்குப் படுத்துக் கெடக்காரு!" கடையில் யார் யார் இருந்தார்கள் என்று அவள் பார்க்கவில்லை. நுணல் தன் வாயால் தான் கெடும். இவள் வாயால் இன்னொருத்தன் கெட இருந்தான்.

ஐந்தாம் நாள் காலையில் போலீஸ் ஜீப் வந்தது. எல்லாரையும் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வரிசையாக நிறுத்தினார்கள்.

"இலங்கைப் போர்ல தோத்த தளபதி ஒருத்தரு இங்கன ஒளிஞ்சிருக்காராம். அவரைத் தேடித்தான் வந்திருக்காக," என்று போர்மேன் சவரிராஜ் அவள் காதில் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் கேட்டார்: "வெடிச் சத்தத்துக்குப் படுத்துக் கெடந்த ஆளு யாரு?"

டீக்கடையில் வள்ளித்தாய் சொன்ன அதே வார்த்தை. அவள் ஓரக்கண்ணால் பார்த்தபோது, வரிசைக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர் பச்சை நூல் சுற்றிய வெடிகள் இரண்டைத் தரையில் வைத்துக்கொண்டிருந்தார். பழக்கத்தில் யார் படுக்கிறார் என்று பார்க்கத்தான் அது என்று அவளுக்குப் புரிந்தது.

"தம்பி, வெடி போடப் போறாக. ஓடிருங்க, படுத்திராதீக," என்று பக்கத்தில் நின்ற தனுஷ்கோடியிடம் முணுமுணுத்தாள். அவன் லேசாகத் தலையாட்டினான்.

முதல் வெடி வெடித்தது. வரிசை சிதறி ஓடியது. தனுஷ்கோடியும் ஓடினான். அவன் ஓடுகிறானா என்று பார்த்தபடி வள்ளித்தாய்தான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். பட்டாசுக்காரன் எவனும் செய்யாததை அவன் செய்தான்: திரும்பிப் பார்த்தான். அவள் நிற்பதைக் கண்டதும் பாய்ந்து வந்து, அவளைக் கீழே தள்ளி மேலே கவிழ்ந்துகொண்டான். இரண்டாவது வெடி வெடித்தது. புகை விலகியபோது அவர்களைச் சுற்றிலும் பூட்ஸ் கால்கள் நின்றன.

கையில் விலங்கு விழுந்த பிறகு அவன் பேச்சே மாறிவிட்டது. "என்னை ஓடச் சொல்லிப்போட்டு நீங்கள் ஏனக்கா நிண்டனீங்கள்?" என்று கேட்டான்.

சத்தம் கேட்டால் இன்றைக்கும் அவள் ஓடத்தான் செய்கிறாள். ஓடும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். சவரிராஜ் எவ்வளவு வைதும் அந்தப் பழக்கம் போகவில்லை.