எலி விழுந்த வீட்டுக்கு ஓடு போட்டேன்

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு பஸ் ஓட்டுவார்கள். அப்படி ஒரு கரி பஸ்ஸில் ஏறி, இண்டூர் பக்கத்து ஊரிலிருந்து தருமபுரிக்கு வீடு தேடி வந்தேன். இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும் எனக்கு. சரியாகச் சொல்ல, பிறந்ததை எழுதி வைத்தவர் யாருமில்லை. என் மகள் பள்ளிக்கூடம் போன பிறகு அவள் சிலேட்டைப் பார்த்துத்தான் நானே எழுத்துக் கூட்டக் கற்றேன். அதனால் மெதுவாகத்தான் சொல்வேன். பொறுத்துப் படியுங்கள்.

கட்டினவரோடு வாழ முடியவில்லை. ஏன் என்று இத்தனை வருசம் கழித்து எழுதுவது அழகில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் சனத்தில் அப்போது கோர்ட்டு கீர்ட்டு எல்லாம் கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து ரெண்டு பக்கமும் கேட்பார்கள். அப்புறம் ஒரு துரும்பை எடுத்துக் கிள்ளிப் போடச் சொல்வார்கள். துரும்பு ரெண்டானால் உறவு தீர்ந்தது. தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவரவர் வழியில் போகலாம். நான் அழுவேன் என்று எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அழவில்லை. பாதிப் பேருக்கு அதுவே பிடிக்கவில்லை.

பிள்ளை விசயத்தில்தான் முடிச்சு விழுந்தது. என் மகளுக்கு நாலு வயசு. ஆடு மேய்க்க ஆளாகும் என்று அவள் அப்பன் வீட்டில் அவளைக் கேட்டார்கள். ஊர்ப் பெரியவர் யோசித்துச் சொன்னார்:

"அண்ணன் வூட்டுல ஒண்டிக்கிட்டுப் புள்ள வளக்க முடியாது ஆத்தா. தை பொறக்கறதுக்குள்ள தனிக் கூரை, தனி அடுப்பு காட்டு. புள்ள உன்னோடது. காட்டலேன்னா அப்பன் வூட்டுக்குப் போவட்டும்."

பிள்ளையை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். தருமபுரியில் ஒரு புளி மண்டியில் வேலை கிடைத்தது. புளியைத் தட்டிக் கொட்டை எடுக்கிற வேலை. ராத்திரிக்கு மண்டிக் கொட்டகையிலேயே ஒரு மூலையில் முடங்கிக்கொள்வேன். பொழுது சாயும் முன்னே கிளம்பித் தெருத் தெருவாக வீடு கேட்பேன். பெரிய வீடா கேட்டேன்? ஒரு அடுப்பு வைக்கவும் ரெண்டு பேர் கால் நீட்டவும் இடம். என் கூலிக்குத் தகுந்த வாடகை. அவ்வளவுதான்.

எல்லா வீட்டிலும் முதல் கேள்வி, "ஆம்பள எங்க?" என்பதுதான். தீர்த்துக்கொண்டு வந்தவள் என்று சொன்னதும் முகம் மாறிவிடும். ஒரு அம்மா கிணறு, அம்மிக்கல், விறகு வைக்கிற இடம் எல்லாம் ஆசையாகக் காட்டினார். இதைச் சொன்னதும், "அடடே, மறந்தே போனேன், இத நேத்தே வேற ஆளுக்குச் சொல்லிட்டோமே" என்று உள்ளே போய்விட்டார். போகும்போது அம்மிக்குழவியையும் கையோடு தூக்கிக்கொண்டு போனார். நான் திருடிக்கொண்டு போய்விடுவேனாம்!

என்னோடு புளி தட்டுகிறவள் ஒருத்தி. வாய் நிற்காது அவளுக்கு. "ஏண்டி, கழுத்துல தாலி இல்ல. புருசன் செத்துட்டான்னு சொல்லிட்டுப் போயேன். பாவம்னு ஒருத்தராச்சும் குடுப்பாங்க" என்றாள்.

"உசுரோட இருக்கறவர நான் எதுக்குடி சாவடிக்கணும்? நாளைக்கு அவர் சந்தைக்கு வந்து நின்னா, பேய்னு கத்திக்கிட்டு ஓடறதா?" என்றேன். மண்டியே சிரித்தது. ஆனால் அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. மார்கழி பிறந்துவிட்டது.

அப்போதுதான் அந்த வீட்டைப் பார்த்தேன். ஏரிக்குப் போகிற சந்தில், ஒரு பெரிய வீட்டுக்குப் பின்னால் சின்ன மண்சுவர் வீடு. சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது, கூரைக்கு மரச்சட்டமும் இருக்கிறது. மேலே ஓடு மட்டும் இல்லை. ஓடெல்லாம் வாசலில் அடுக்கிக் கிடக்கிறது.

போன வருசம் எங்கள் பக்கம் பிளேக் வந்திருந்தது. ஒரு வீட்டில் எலி செத்து விழுந்தால் சனங்கள் பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டில் குடிசை போட்டுக்கொள்வார்கள். சுகாதாரத்து ஆட்கள் வந்து, உள்ளே வெயில் படட்டும் என்று ஓட்டைப் பிரித்துவிடுவார்கள். அந்தச் சின்ன வீட்டிலும் ஒரு எலி விழுந்திருந்தது. மனுசர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஓடு போடுகிற ஆட்கள் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றுவிட்டார்கள்.

பெரிய வீட்டில் கேட்டேன். வீட்டுக்காரம்மா கன்னடம் பேசுகிறவர். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அய்யோ, ஆ மனே பேடம்மா! எலி விழுந்த வூடு. எதுக்கு தங்கி உனக்கு?" என்றார். அந்த வீடு வேண்டாம் தங்கச்சி என்கிறார்.

"கோடை முழுக்க வெயில் குடிச்ச வூடுங்க. தருமபுரியிலயே இதவிட சுத்தமான வூடு இருக்காது. நானே ஓடு மேஞ்சுக்கறேன். வாடகைக்கு மட்டும் என்னால முடிஞ்சத வாங்கிக்கோங்க" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. எங்கப்பன் ஓடு மேய்கிறவர். அண்ணனுக்கு உயரம் ஏறினால் தலை சுற்றும். அதனால் சின்ன வயசில் அப்பனோடு கூரையில் ஏறினது நான்தான். கல்யாணமான நாளோடு அது நின்றுபோயிருந்தது.

வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "பொம்பள கூரை ஏறக் கூடாது. கட்டிக்கிட்டவ ஏறினா புருசனுக்கு ஆகாது. அறுத்தவ ஏறினா வூட்டுக்கு ஆகாது."

"நான் ரெண்டும் இல்லீங்க. துரும்பு கிள்ளித் தீர்த்துக்கிட்டவ" என்றேன்.

இடிக்கிற கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு, "அதுக்குப் பெரியவங்க ஒண்ணும் சொல்லி வெக்கலியே" என்றார்.

வீட்டுக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இன்னொரு மழ வந்தா செவுரே கரைஞ்சிடும். நீ ஏறு தங்கி!" என்றார்.

மறுநாளே மண்டியில் சில நாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முதலில் உள்ளே வேப்பிலை போட்டுப் புகை மூட்டினேன். பொந்து ஒவ்வொன்றிலும் உடைந்த ஓட்டுத் துண்டைத் திணித்து மண் குழைத்து அடைத்தேன். சாணம் போட்டு மெழுகினேன். பிறகு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன்.

நாட்டு ஓடு மேய்கிறதை அவசரப்பட்டுச் செய்ய முடியாது. தாழ்வாரத்திலிருந்து வரிசை பிடித்து மேலே போக வேண்டும். மல்லாத்தி ஒரு வரிசை, அதன் இடுக்கை மூட ஒரு வரிசை கவிழ்த்து. ஒன்று பிசகினாலும் மழை அங்கேதான் இறங்கும். கூடையில் ஓட்டை அடுக்கித் தலையில் வைத்து நானே ஏறுவேன், நானே இறங்குவேன். சந்து முனையில் ஆம்பளைகள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். "சண்டைக்கு ஆள் எடுக்கறாங்களாம், இந்தம்மாவ அனுப்புங்கடா! ஜெர்மன்காரன் ஓடிருவான்" என்று ஒருவன் கத்தினான். "நான் போயிட்டா உங்கூட்டு ஓட்டைய யாரு அடைக்கறது?" என்று மேலிருந்து கேட்டேன். அவன் வீட்டுக் கூரை ஒழுகுவது அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

கழுத்து இற்றுப்போகிற நேரத்தில் என்னோடு புளி தட்டுகிற அந்த வாயாடி வந்து சேர்ந்தாள். முதலில் வாசலுக்கு வெளியே நின்றே பேசினாள். அப்புறம் ஒரு காலை உள்ளே வைத்தாள். அப்புறம் பார்த்தால் ஏணியில் பாதி ஏறி நின்று ஓட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். "எலி நோய் வந்தா உன் பேரச் சொல்லித்தாண்டி சாவேன்" என்று திட்டிக்கொண்டேதான் கொடுத்தாள். அவள் மட்டும் வரவில்லை என்றால் தை பிறக்கும் முன் முகடு மூடியிருக்காது.

போகிக்கு முன்னாலேயே ஊர்ப் பெரியவருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே அவள் அப்பனும் வந்தார். சந்துக்குள் வந்ததும் யாரோ அது எலி விழுந்த வீடு என்று சொல்லிவிட்டார்கள். அவள் அப்பன் அங்கேயே நின்றுவிட்டார்.

"இந்த எழவு வூட்டுல எம் புள்ளய வெக்கமாட்டேன்!" என்று கத்தினார்.

நான் வாசலில் நின்று சொன்னேன்: "உள்ள வாங்க. ஒரே ஒரு எலிப் பொந்து காட்டுங்க. புள்ளய நானே உங்க கையில குடுக்கறேன்."

அவர் வரவில்லை. கால் எழவில்லை அவருக்கு. பெரியவர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து உள்ளே நுழைந்தார். சுவரோரமெல்லாம் கைத்தடியால் குத்திப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பால் பொங்கிக்கொண்டிருந்தது. புகை ஓட்டு இடுக்கு வழியாக மேலே போய்க்கொண்டிருந்தது. அண்ணாந்து முகடு வரைக்கும் பார்த்தார்.

"எவன் மேஞ்சான்?"

"நான்தானுங்க."

பெரியவர் மகளைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார். அவள் நேரே அடுப்புக்கிட்டே போய்க் குந்திக்கொண்டு, "பால் எனக்கா?" என்றாள். பெரியவர் சிரித்தார். என்னைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி குடு ஆத்தா" என்றார். பெரியவர் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தால் அது வீடு, அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்று அர்த்தம். சொம்பை மிச்சம் வைக்காமல் குடித்தார். வெளியே போய், "உள்ள வர பயப்படறவன் பேச்சு எடுபடாதுப்பா. நட போலாம்" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அன்றைக்குத்தான் அழுதேன்.

அடுத்த ஆடி மாசத்தில் எலி விழுந்த மற்ற வீட்டுக்காரர்களெல்லாம் ஓடு மேய என்னைத் தேடி வந்தார்கள். அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போன அந்த அம்மாவும் கூரை ஒழுகுகிறது என்று வந்தார். போய் நன்றாகவே மேய்ந்து கொடுத்தேன். கூலி மட்டும் கொஞ்சம் கூட வாங்கிக்கொண்டேன்.

அந்த வீட்டிலிருந்துதான் என் மகள் பள்ளிக்கூடம் போனாள். அந்த வாசலில்தான் அவளுக்குக் கல்யாணப் பந்தல் போட்டேன். இப்போது சிமெண்ட் கூரைக்குக் கீழேதான் இருக்கிறேன். ஆனாலும் மழைச் சத்தம் கேட்டால் கண் தானாக மேலே போகிறது, நான் யார் என்று மறைக்காமல் சொல்லி வாங்கினது அந்த ஓட்டுக் கூரை, ஒரு சொட்டு ஒழுகினதில்லை என்று நெஞ்சு இன்னும் நிமிர்ந்துகொள்கிறது.