மேல் காவல் ஸ்டெல்லாவின் புகை மனு

மார்கழிப் பனியோடு செஞ்சிக்குள் புகையும் குடிவந்துவிடும். மூன்று பக்கமும் மலை. காற்று அசையாத காலைகளில் குப்பை மேட்டுப் புகை, அறுத்த வயலில் தாள் கொளுத்திய புகை, அரிசி மில்லின் உமிச் சாம்பல் எல்லாம் ஊருக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். போகிக்கு டயர் வேறு. மாசி முடியும்வரை இதே பாடு. ஊர்க்காரர்களைக் கேட்டால் "பனிங்க" என்பார்கள். பனியில் எங்கேயாவது ரப்பர் நாற்றம் அடிக்குமா?

ஸ்டெல்லாவுக்கு நாற்பத்தேழு வயது. ராஜகிரிக் கோட்டை உச்சியில் ஒப்பந்தக் காவல் வேலை. பாறை விளிம்பில் நின்று செல்பி எடுப்பவர்களை விரட்டுவதும், குரங்கு பிடுங்கி எறிந்த பாட்டில்களைப் பொறுக்குவதும் அவள் பொறுப்பு. ஏழு வருடமாகத் தினமும் ஆயிரத்துச் சொச்சம் படி ஏறுகிறாள். "பாவம்" என்று உச்சுக்கொட்டாத ஆள் இல்லை. அவளுக்கோ படி ஒரு பாரமே இல்லை. கீழே வீட்டில் படுத்தால்தான் ஈளை இழுக்கும். பாதி மலை ஏறி, புகைக்கு மேலே தலை வந்ததும் நெஞ்சு தானாகத் திறந்துகொள்ளும். நாளில் அந்த ஆறு மணி நேரம்தான் அவள் ஒழுங்காக மூச்சு விட்டாள். அதை வைத்துத்தான் மிச்ச நேரத்தை ஓட்டினாள்.

மேலே நின்றால் எவன் எங்கே கொளுத்துகிறான் என்பது பட்டவர்த்தனமாகத் தெரியும். தெரிந்த பிறகு சும்மா இருக்க அவளால் முடியாது. புகார் எண்ணுக்குப் போன் போடுவாள்.

"அண்ணே, அவலூர்பேட்டை ரோட்டாண்ட குப்பை எரியுது."

"நீ எங்கேருந்தும்மா பேசற?"

"மலை மேலேருந்து."

"மலை மேல ஒக்காந்துக்கினு ஒனக்கு இன்னாம்மா புகை? எழுதிக் குடு, பாக்கலாம்."

எழுதிக் கொடுத்தாள். எங்கெங்கே எரிகிறது என்று ஐந்து இடங்களைக் குறித்து, புகையால் தனக்கு மூச்சுத் திணறுகிறது என்றும் சேர்த்தாள். புருஷன் பிலவேந்திரன்தான் பக்கத்தில் இருந்து யோசனை சொன்னான்.

"மனுவுல ஒன் வேலையயும் போடு, ஸ்டெல்லா. கோட்டைன்னா ஒரு மதிப்பு இருக்குது."

போட்டாள். தொழில்: ராஜகிரி மேல் காவல்.

மனு மேசை மேசையாக ஊர்வலம் போனது. மூன்று வாரம் கழித்து, மனு தீர்க்கப்பட்டது என்று போனில் செய்தி வந்தது. மறுநாள் காலை, மேற்பார்வையாளர் ராமகிருஷ்ணன் அடிவாரத்திலேயே சிரித்த முகத்தோடு நின்றிருந்தார்.

"இன்னா ஸ்டெல்லா, மூச்சு வாங்குதுன்னு மனு குடுத்தியாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இனிமே ஏற வேணாம். கீழ கேட்டுல சேர் போட்டு ஒக்காரு. மேல சிவசங்கர் போவட்டும்."

"மலையால இல்ல சார். புகையால."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. மூச்சு மூச்சுதான்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. "அதிர்ஷ்டக்காரி" என்று போவோர் வருவோரெல்லாம் வாழ்த்தினார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையைப் போடச் சொன்ன பிலவேந்திரனோடு இரண்டு நாள் பேசவில்லை. பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். திரும்பி வந்து ராமகிருஷ்ணனிடம் கெஞ்சினாள்.

"உன்ன மேல அனுப்பி ஏதாவது ஆச்சுன்னா எனக்குதான் டென்ஷன். புகையால ஒண்ணும் பாதிப்பில்ல, மூச்சு நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடு. ஒரு காப்பி மனு ஆபீசுக்கும் போவணும்."

அந்தப் பொய்யை எழுத மாட்டேன் என்று மூன்று நாள் வீம்பாக இருந்தாள். நான்காம் நாள் வாசல் படி ஏறவே மூச்சு இரைத்தது. கீழ் கேட்டின் நாற்காலியில் உட்கார்ந்து, இருமலுக்கு நடுவே பேனாவை நிறுத்தி நிறுத்தி எழுதினாள். புகையால் எனக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. கையெழுத்துப் போடும்போது அழுகை வந்தது. வெட்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

மறுநாள் மலை ஏறினாள். பாதியில் நெஞ்சு திறந்தது. உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தாள். அதே அவலூர்பேட்டை ரோடு, அதே குப்பை மேடு, கருகருவென்று புகை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்குள்ளேயே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். மனசு கேட்கவில்லை. போன் போட்டாள்.

"அண்ணே, அதே எடத்துல எரியுது. ஸ்டெல்லா பேசறேன்."

கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் தட்டும் சத்தம்.

"ஏம்மா, புகையால பாதிப்பே இல்லன்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்க. இப்ப எரியுதுன்ற. பனியப் பாத்துட்டுப் பேசாதம்மா."

இணைப்பு அறுந்தது. மேலே நல்ல மூச்சு இருந்ததால் ஸ்டெல்லா ஊரைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய், அது பனி இல்லடா!"

குரங்குகள்தான் திரும்பிப் பார்த்தன.