கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை

என் மகளை நான் அடித்தேன். எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் இதைச் சொல்ல இரண்டு முறை எழுந்தேன். இரண்டு முறையும் வேறு எதையோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அடித்ததைச் சொல்லாமல் ஆண்டவர் செய்ததை மட்டும் சொன்னால் அது பாதிச் சாட்சி. அதனால் இப்போது முழுவதையும் எழுதுகிறேன்.

என் பெயர் ஷீபா. கருங்கலுக்குப் பக்கத்தில் வீடு. கணவர் செல்வின் கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறார். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஜெனிஷா, இளையவன் ஜோயல். இது நடந்தபோது அவளுக்கு ஐந்து வயது, அவனுக்கு ஒன்றரை. சபையில் ஓய்வுநாள் பாடசாலையின் சின்ன வகுப்புக்கு நான்தான் டீச்சர். இருபது பிள்ளைகளை ஒரு பாட்டில் அடக்கி உட்காரவைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என் சொந்தப் பிள்ளையைத்தான் என்னால் அடக்க முடியவில்லை.

மூன்று வயதில் ஜெனிஷா வாயாடி. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கதை சொல்வாள். நாலு வயது முடிந்து ஒரு மழைக்காலம் முழுக்க அவளுக்கு மாறிமாறிச் சளி பிடித்தது. அதற்குப் பிறகு பிள்ளை மாறிப்போனாள். ஐந்து முறை கூப்பிட்டால் ஒரு முறை திரும்புவாள். டிவியைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற அளவுக்கு வைப்பாள். குறைத்தால் அழுவாள். பள்ளிக்கூட டைரியில் டீச்சர் 'வகுப்பில் கவனம் இல்லை' என்று மூன்று தடவை எழுதி அனுப்பினார். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் பாட்டுக்குக் கையசைக்க, இவள் மட்டும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துத் தாமதமாகக் கையைத் தூக்கினாள். எனக்குப் பின்னால் இருந்த யாரோ, "டீச்சருக்க பிள்ளையாக்கும்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து முதல் தடவையாகக் கம்பை எடுத்தேன். பிள்ளையைத் தண்டிக்க வேண்டும் என்று வேதத்திலேயே இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்பையும் பொறுமையையும் பற்றி அதே வேதத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

தினமும் விடியும்முன் எழுந்து ஜெபம் பண்ணுவேன். ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையை என் சொல் கேக்கிற பிள்ளையாக்கும்." மாதக்கணக்கில் இதையே கேட்டேன். பதில் வரவில்லை. ஆண்டவர் மீதும் எனக்கு மனத்தாங்கல் வந்தது. மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க என்னை வைத்துவிட்டு, என் பிள்ளையை இப்படி விட்டுவிட்டாரே என்று.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது.

மதியத்துக்குச் சோறு வடித்துவிட்டு, கஞ்சித்தண்ணீர்ப் பாத்திரத்தை அடுக்களைத் தரையில் ஆற வைத்திருந்தேன். வெளியே தூறல் போட்டது. கொடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினேன். கை நிறையத் துணியோடு திரும்பிப் பார்க்கிறேன், திறந்திருந்த கதவுக்கு உள்ளே ஜோயல் அந்தப் பாத்திரத்தை நோக்கித் தத்தித் தத்திப் போகிறான். ஜெனிஷா அவனுக்கு நாலடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து பொம்மைக்குத் துணி சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

"ஜெனிஷா, தம்பியப் பிடி" என்று கத்தினேன். மறுபடியும் கத்தினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை. துணியைப் போட்டுவிட்டு நான் ஓடி வருவதற்குள் ஜோயல் கையைப் பாத்திரத்துக்குள் விட்டுவிட்டான்.

அவன் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன். வலது கை மணிக்கட்டு வரை சிவந்து கொப்பளித்தது. அவன் அலறுகிறான். அப்போதுதான் ஜெனிஷா எழுந்து வந்து, ஒன்றும் தெரியாதவளாக என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் புத்தி கெட்டுப்போனது. கையில் அகப்பட்ட அகப்பையால் அவளை அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. அவள் கையில், தோளில் பட்டது. அவள் ஓடவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் என்ன சொல்கிறேன் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பதுபோல. அது ஏன் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

ஆட்டோ பிடித்து ஜோயலை டாக்டரிடம் கொண்டுபோனேன். மேல்தோல்தான் வெந்திருக்கிறது, ஆறிவிடும் என்று கட்டுப்போட்டு அனுப்பினார். சாயந்திரம் இரண்டு பேரும் தூங்கினார்கள். ஜெனிஷாவின் கையில் நீளமாகத் தடித்துச் சிவந்திருந்தது. அந்தக் கஞ்சிப் பாத்திரத்தைத் தரையில் வைத்தது நான். அடி வாங்கியது அவள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் விழுந்து அழுதேன். அன்றைக்குப் பழைய ஜெபம் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, எனக்கு இந்தப் பிள்ளையைத் தெரியல்ல. இவளுக்கு என்ன என்று எனக்குக் காட்டும். காட்டாவிட்டால் இவளை நான் கெடுத்துப்போடுவேன்" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. டீச்சர் அந்தத் தழும்பைப் பார்த்துவிடுவார் என்ற பயம். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். என் தப்பை மூடிவைக்க நான் அவளை வீட்டில் நிறுத்தினேன். அதே நாளைத்தான் ஆண்டவர் எடுத்துப் பயன்படுத்தினார்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர் செலின் அக்கா. மண்டைக்காட்டுக்கு அந்தப் பக்கம் கடற்கரையில் வீடு. பத்து வருஷமாக எங்களுக்கு அவர்தான் மீன் தருகிறார். அன்றைக்குப் பின்வாசலில் நாங்கள் உட்கார்ந்து சாளை மீனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பூனை பாய்ந்து, அவர் மீன் கொண்டுவரும் சருவத்தின் மூடியைத் தட்டிவிட்டது. அலுமினிய மூடி சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. என் மடியிலிருந்த ஜோயல் திடுக்கிட்டு அழுதான். எனக்கே உடம்பு தூக்கிப்போட்டது. இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டி மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்த ஜெனிஷா அசையவில்லை.

செலின் அக்கா மீனை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்.

"மக்ளே, இந்தப் பிள்ளைக்குக் காது கேக்குமா?"

"அதெல்லாம் நல்லா கேக்கும் அக்கா. சொன்னாதான் கேக்கமாட்டா" என்றேன்.

அவர் என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கை காட்டினார். மூடியை எடுத்து, மீன் வெட்டும் கத்தியின் பின்புறத்தால் ஜெனிஷாவின் தலைக்குப் பின்னால் ஓங்கித் தட்டினார். இரண்டாவது தடவை தட்டியபோது அவள் லேசாகத் தலையைத் தூக்கி, சத்தம் வந்த பக்கத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"அடங்காத பிள்ளையும் சத்தம் கேட்டா திரும்பும் மக்ளே. இது திரும்பல்ல. நீ டாக்டர்ட்ட கொண்டு காட்டு" என்றார்.

அந்த நிமிஷம் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. டிவி. டைரி. மேடையில் தாமதமாகத் தூக்கிய கை. அடிக்கும்போது என் வாயையே பார்த்த கண். என் பிள்ளை கேட்காத பிள்ளை இல்லை. கேட்க முடியாத பிள்ளை.

மறுநாளே நாகர்கோவிலில் காது டாக்டரிடம் போனோம். ஒரு சின்ன அறையில் அவளுக்கு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பாசிமணியை எடுத்து டப்பாவில் போடச் சொன்னார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அவள் மணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ரொம்பக் கவனமாக, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தாள். கவனம் இல்லாத பிள்ளை என்று சொன்னோமே, அந்தப் பிள்ளைதான். கடைசியில் டப்பாவில் நாலைந்து மணிதான் கிடந்தது.

மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறது, இரண்டு காதிலும் ஜவ்வுக்குப் பின்னால் நீர் கட்டிப் பசை மாதிரி ஆகிவிட்டது என்றார் டாக்டர். ஒரு வருஷம்கூட இருக்கலாமாம். மருந்தில் சரியாகாவிட்டால் ஆபரேஷன். நரம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். நீரை எடுத்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்.

அன்று சாயந்திரம் செல்வினிடம் வீடியோ காலில் சொன்னேன். அவர் சொன்னார். "நான் பேசிட்டு இருக்கும்போதே அவ போன வச்சிட்டு எந்திச்சுப் போவால்லியா. பிள்ளைக்கு என்னை மறந்து போச்சுன்னு நெனச்சேன் ஷீபா." அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மருந்து கொடுத்துக் காத்திருந்த அந்த ஒன்றரை மாதம்தான் என் வாழ்க்கையிலேயே கஷ்டமான காலம். கம்பை வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தேன். அவளிடம் பேச வேண்டுமென்றால் முன்னால் போய் மண்டியிட்டு, தோளைத் தொட்டு, அவள் என் முகத்தைப் பார்த்த பிறகு பேசப் பழகினேன். எத்தனை நாள் அடுக்களையிலிருந்தே கத்தியிருக்கிறேன்! பக்கத்தில் போய்ப் பேச ஆரம்பித்ததும், இத்தனை நாள் அடங்காதவள் என்று நான் நினைத்த பிள்ளை சொன்னதையெல்லாம் செய்தாள்.

பெண்கள் கூட்டத்தில் அவள் காதுக்காக ஜெபிக்கக் கேட்டேன். எல்லாரும் உருக்கமாக ஜெபித்தார்கள். செலின் அக்கா மீனோடு வரும்போதெல்லாம் விசாரிப்பார். எங்க மாதாகிட்ட மெழுகுதிரி வச்சிருக்கேன் என்று ஒரு நாள் சொன்னார். எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் அந்த அன்பைப் பார்த்து என் கண் நிறைந்தது. என் ஜெபமும் அந்த நாட்களில் மாறிப்போனது. "சுகம் தாரும் ஆண்டவரே. தராவிட்டாலும் இவளுக்கு நல்ல அம்மாவாக இருக்க என்னைப் பழக்கும்" என்று கேட்டேன். இரண்டாவது பாதி முதலில் வாயில் மட்டும்தான் இருந்தது. போகப்போக அதை மனதாரச் சொல்ல முடிந்தது.

மருந்தில் நீர் வற்றவில்லை. ஆபரேஷன் என்று முடிவானது. செல்வினுக்கு லீவு கிடைக்கவில்லை. ஜோயலை என் அக்கா பார்த்துக்கொண்டாள். ஆபரேஷன் அன்று காலையில் பச்சைத் துணி உடுத்தி ஜெனிஷாவை உள்ளே கொண்டுபோனபோது, என் விரலை விடாமல் பிடித்திருந்தாள். கதவருகே நர்ஸ்தான் மெல்லப் பிரித்தார். வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜெபம் பண்ண வாய் வரவில்லை. "இயேசுவே, இயேசுவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதியம் கண் விழித்தாள். மயக்கம் தெளியாமல் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அமைதியாகப் படுத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது என்ன சத்தம்?"

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மேலே பார்த்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இறக்கை லேசாகக் கிறீச்சிட்டது. நான் உட்கார்ந்ததிலிருந்து அது அப்படித்தான் ஓடியிருக்கிறது. எனக்குப் பழகிப்போன சத்தம் அவளுக்குப் புதுச் சத்தமாக இருந்தது.

"ஃபேனு மக்ளே" என்றேன். சந்தோஷத்திலும் பழக்கத்திலும் குரல் ஓங்கிவிட்டது. அவள் முகத்தைச் சுளித்து இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள்.

"என்னத்துக்கு அம்மா கத்துத?"

அடுத்த கட்டிலில் இருந்த அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

மறுபரிசோதனையில் டப்பா நிறைய மணி விழுந்தது. நரம்புக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். இடது காது மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். காதில் தண்ணீர் போகாமல் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொல்லி முதல் பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறோம். எல்லாம் முற்றிலும் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆண்டவர் செய்ததைப் பெரிதாக்க நான் பொய் சேர்க்கத் தேவையில்லை.

நன்றாகக் கேட்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அவளை மடியில் உட்காரவைத்து, "தம்பிக்குக் கை சுட்ட அன்னைக்கு அம்மா உன்ன அடிச்சது தப்பு. நீ ஒரு தப்பும் செய்யல்ல" என்றேன்.

யோசித்தாள். "பின்ன ஏன் அடிச்ச?"

"அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாம இருந்துச்சு மக்ளே. இனி அடிக்கமாட்டேன்."

சரி என்றோ மன்னித்தேன் என்றோ அவள் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் மடியிலேயே இருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஓய்வுநாள் பாடசாலையில் இப்போது நான் வேறு டீச்சர். அடங்காமல் இருக்கிற பிள்ளையைத் தூரத்திலிருந்து அதட்டுவதில்லை. எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்காருகிறேன். ஒரு பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கும். ஒரு பிள்ளையின் அப்பா முந்தின நாள்தான் வெளிநாடு போயிருப்பார். இருபது பிள்ளைகளை உட்காரவைக்கத் தெரிந்த எனக்கு, ஒரு பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

குடும்ப ஜெபத்தில் இப்போதெல்லாம் ஜெனிஷாதான் முதலில் ஜெபம் பண்ணுகிறாள். கத்தாரில் அப்பா, தம்பியின் கை, செலின் அக்கா, பக்கத்து வீட்டுக் கோழி என்று நீண்டுகொண்டே போகும். போன வாரம் என் பெயரும் வந்தது. "அம்மாவுக்குக் கோவம் வராம பாத்துக்கோங்க இயேசப்பா" என்றாள். நான்தான் உரக்க ஆமென் சொன்னேன்.

இதை வாசிக்கிற அம்மாமாரே, பிள்ளைக்காக அழுது ஜெபிக்கிறவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். ஜெபிப்பதை விட்டுவிடாதீர்கள். பிள்ளையை மாற்றும் என்று கேட்கிறபோது, எனக்குத் தெரியாததைக் காட்டும் என்றும் ஒரு முறை கேட்டுப்பாருங்கள். பதில் போதகர் வழியாக வரலாம், டாக்டர் வழியாக வரலாம், பின்வாசலில் மீன் கொண்டு வருகிறவர் வழியாகவும் வரலாம். வரும்போது நீங்கள் வெட்கப்படவேண்டியிருக்கும். பயப்படாதீர்கள். வெட்கப்பட்டு நின்ற என்னை அவர் தள்ளிவிடவில்லை. என் பிள்ளையை எனக்குத் திரும்பக் கொடுத்தார். உங்களையும் தள்ளமாட்டார்.